முகத்தில் கறுப்பு பூசி பீட் வேடம் போடக் கூப்பிடுகிறார்கள். போடலாமா?

ஈரக்காற்று:

வணக்கம். நெதர்லாந்துக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சிறிய ஊர். என் மகளுக்கு ஆறு வயது, இங்கே ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கிளப்புக்குப் போகிறாள். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டு வரும் புனிதர் சின்டர்கிளாஸின் டிசம்பர் 5 விழாவை ஒட்டி ஒவ்வொரு வருடமும் கிளப்பில் குழந்தைகளுக்காக ஒரு கொண்டாட்டம் நடக்கும். பெற்றோரில் மூன்று நான்கு பேர் அவருடைய வேலைக்காரன் 'பீட்' வேடம் போட்டுக்கொண்டு, பையிலிருந்து பேப்பர்நோட்டன் என்ற குட்டி மசாலா பிஸ்கெட்டை அள்ளி வீசுவார்கள். இந்த வருடம் என்னையும் கேட்டார்கள். உடனே சரி என்றேன். இந்த ஊர்க்காரர்கள் எங்களைத் தங்கள் காரியம் ஒன்றுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை.

சென்ற வாரம் உடைப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். வெல்வெட் சட்டை, இறகு வைத்த தொப்பி, கழுத்துக்கு மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பட்டை. அதற்கெல்லாம் அடியில் ஒரு சுருட்டை முடி விக், கறுப்பு முகப்பூச்சு டப்பா, உதட்டுக்குச் சிவப்பு, காதுக்கு வளையம். பெரிய நகரங்களில் இப்போது கன்னத்தில் கரிக்கோடு மட்டும் இழுத்துக்கொள்கிறார்களாம், இங்கே மட்டும் பழையபடிதான் என்றார்கள். அப்போது ஒருவர் என் தோளில் தட்டி, "உனக்கு டப்பாவில் பாதி போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. நாங்கள் வீடு மாறியபோது தன் வண்டியைக் கொண்டு வந்து ஒரு நாள் முழுக்க சாமான் ஏற்றி இறக்கியவர்.

அன்று இரவு மகளிடம் அப்பா பீட் ஆகப் போகிறேன் என்று சொன்னேன். குதித்தாள். அப்புறம், நீச்சல் வகுப்பில் ஒரு பையன் அவளைப் பார்த்து "நீ பீட்டா?" என்று கேட்டதாகச் சொன்னாள். எப்போது என்றேன். "எப்பவுமே கேட்பான்" என்றாள். "பீட் நல்லவன்தானே அப்பா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

கறுப்பு பூசுவது அவமானம் என்பது அமெரிக்காவின் வரலாற்றிலிருந்து வந்தது, மற்ற நாடுகளின் பழக்கத்தை அதை வைத்து அளக்கக் கூடாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். அது சரியா? ஒரு கலாசாரத்தில் அவமானமாக இருப்பது இன்னொன்றில் வெறும் விளையாட்டாக இருக்க முடியாதா? மனைவி, இப்போதுதான் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறாள். விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

மஞ்சள்குடை:

நண்பரே, போட்டுக்கொள்ளுங்கள். வேடம் என்பது வேடம்தான். மனத்தில் இழிவு இல்லாதபோது அதில் இழிவு எங்கிருந்து வரும்? அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கேலி செய்வதற்கென்றே நாடகம் போட்டார்கள், அது அவர்கள் செய்த பாவம். உலகத்தில் எத்தனையோ இடங்களில் முகத்துக்குக் கரி பூசுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் ஈரானியர், நவ்ரூஸ் என்ற அவர்கள் புத்தாண்டு சமயத்தில் ஹாஜி ஃபிரூஸ் என்று ஒருவர் கறுப்பு முகத்தோடும் சிவப்பு உடையோடும் தெருவில் ஆடிப் பாடி வருவார் என்கிறார். நெருப்பின் புகைக்கரிதானாம் அது. ஜப்பான்காரருக்கும் சீனாக்காரருக்கும் இந்த அடிமை வரலாறே கிடையாது. எல்லோரையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி? குழந்தைகளின் விழாவில் பெரியவர்கள் அரசியலைக் கொண்டு வராமல் இருந்தாலே நல்லது.

மாஸ்நதிக்கரை:

தம்பி, நான் இந்த நாட்டுக்கு வந்து 21 வருடம் ஆகிறது. 2008-இல் என் பையன் படித்த பள்ளியில் நானே அந்த வேடம் போட்டேன். விக், சிவப்பு உதடு எல்லாமே. எனக்கும் உங்களைப் போலத்தான் இருந்தது, நம்மையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிட்டுவிட்டார்களே என்று. அதனால் உங்கள் மனைவி சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது.

நிகழ்ச்சி முடிந்து முகத்தைக் கழுவாமல் வீட்டுக்கு வந்தேன். எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமில் பிறந்த ஓர் அம்மா இருந்தார். என் பையனுக்கு டச்சு மொழியில் கதை வாசித்துக் காட்டியது அவர்தான். படிக்கட்டில் எதிரே வந்தார். நான் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். அவர் "குளிராக இருக்கிறது, உள்ளே போ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த கறுப்பு போக எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் படிக்கட்டு இன்னும் போகவில்லை. பல வருடம் கழித்து ஒருநாள் நானாகக் கேட்டபோதுதான் சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த முதல் நவம்பரிலிருந்து, பஸ்ஸிலும் கடையிலும் குழந்தைகள் அவரைக் கைகாட்டி "பீட்!" என்று கத்துவார்களாம். திட்டுவதற்காகக் கத்தவில்லை, மகிழ்ச்சியில் கத்தினார்கள், அதனால் யாரிடமும் கோபப்படக்கூட முடியாது என்றார். உங்கள் மகளின் நீச்சல் வகுப்பைப் பற்றி வாசித்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கவலை என்று உங்கள் அலுவலக நண்பர் சொன்னாரே, அதைப் பார்ப்போம். சின்டர்கிளாஸ் பழையவர். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும் கறுப்பு வேலைக்காரன் அவ்வளவு பழையவன் இல்லை. 1850-இல் யான் ஸ்கெங்க்மன் என்ற ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் போட்டார். இன்று நாம் பார்க்கும் விழாவின் உருவம் பெரும்பாலும் அதிலிருந்து வந்ததுதான்: ஸ்பெயினிலிருந்து வரும் நீராவிக் கப்பல், வெள்ளைக்காரப் புனிதர், அவருக்கு ஒரு கறுப்பு வேலைக்காரன். அந்தப் புத்தகம் வந்தபோது சூரினாமின் கரும்புத் தோட்டங்களில் டச்சுக்காரர்கள் அடிமைகளை வைத்திருந்தார்கள். அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1863 ஜூலை 1-ஆம் தேதி. அதற்குப் பிறகும் சூரினாமில் இருந்தவர்கள் அரசின் கண்காணிப்பில் இன்னும் 10 வருடம் அதே தோட்டங்களில் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆக, எஜமான் வெள்ளை, வேலைக்காரன் கறுப்பு என்ற படம் இந்த நாட்டுக்குள்ளேயே பிறந்த படம்.

புகைபோக்கி வழியாக இறங்கி வருவதால் கரி ஒட்டிக்கொள்கிறது என்று பெட்டியைக் காட்டியவர்கள் உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். என் பையன்தான் ஏழு வயதில் என்னிடம் கேட்டான்: அப்படியென்றால் சட்டை மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கிறது? கரி பட்டால் முடி சுருளுமா, உதடு சிவக்குமா என்று நான் அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

உங்கள் தோளில் தட்டியவர் சொன்னதை நான் வேறு ஒருவர் வாயிலும் கேட்டிருக்கிறேன். 2014-இல் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டே, கரீபியக் கடலின் டச்சு அண்டிலிஸ் தீவுகளில் இருக்கும் தன் நண்பர்களுக்கு முகத்தில் பூச வேண்டிய தேவையே இல்லை, தனக்குத்தான் பூச்சு போக நாள்கணக்கில் ஆகிறது என்ற பொருளில் ஊடகத்தாரிடம் சிரித்துக்கொண்டே பேசினார். அதே ருட்டே 2020 ஜூனில் நாடாளுமன்றத்தில், தன் எண்ணம் மாறிவிட்டது என்றார். பீட் கறுப்பாக இருப்பதால் தாங்கள் ஒதுக்கப்படுவதாக உணர்கிறோம் என்று சின்னக் குழந்தைகள் உட்படப் பலர் தன்னிடம் சொன்னதைத்தான் காரணமாகச் சொன்னார். இடையில் நடந்தவை சாதாரணமானவை இல்லை. 2011-இல் டோர்ட்ரெக்ட் ஊரின் சின்டர்கிளாஸ் ஊர்வலத்தில் 'ஸ்வார்ட்டே பீட் (கறுப்பு பீட்) இனவெறி' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டு நின்றதற்காக குவின்சி காரியோவையும் யெரி அஃப்ரியேயையும் போலீஸ் பிடித்துப் போனது. 2014-இல் கவுடா ஊர்வலத்தில் 90 பேர் கைது. 2015-இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு இந்த வேடத்தை மாற்றச் சொன்னது. 2017-இல் டொக்கும் ஊருக்குப் போராடப் போனவர்களின் பேருந்துகளை ஏ7 நெடுஞ்சாலையில் கார்களால் மறித்தார்கள். மறித்தவர்களில் 34 பேரை அடுத்த வருடம் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2019-இல் அப்பெல்டோர்னில் சின்டர்கிளாஸுக்கு நடந்த தேசிய வரவேற்பில் கரிக்கோடு பீட்கள் மட்டும்தான் வந்தார்கள். அன்று என் பையன் டிவியைப் பார்த்துக்கொண்டே பிஸ்கெட் தின்றான். அவன் வயதுப் பிள்ளைகளுக்கு அதில் எதுவும் குறையவில்லை. பெரியவர்கள்தான் தொலைத்துவிட்டதாக வருத்தப்பட்டார்கள்.

மஞ்சள்குடை, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானுக்கு இந்த வரலாறே கிடையாது என்று நானும் நினைத்திருந்தேன். 1854-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி தன் போர்க்கப்பல்களோடு போய் ஜப்பானின் வாசலைத் திறக்க வைத்தார் அல்லவா, அப்போது பவ்ஹாட்டன் என்ற கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து கொடுத்து, மாலுமிகள் முகத்தில் கறுப்பு பூசி, கறுப்பின மக்களைக் கேலி செய்யும் 'மின்ஸ்ட்ரல்' ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். அமெரிக்காவில் 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் 'ஜிம் க்ரோ' என்ற பாத்திரமாக ஆடிப் பிரபலமாக்கிய அதே வகை ஆட்டம். பின்னால் கறுப்பின மக்களைப் பிரித்து வைத்த சட்டங்களுக்கே அந்தப் பாத்திரத்தின் பெயர்தான் வந்தது. அந்த ஆட்டம் கப்பலேறி இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போனது. பிபிசி அதே பாணியில் ஒரு நிகழ்ச்சியை 1958 முதல் 1978 வரை ஒளிபரப்பியது. "எங்கள் ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்பதை இதன் பிறகு நான் எளிதில் நம்புவதில்லை.

சீனா? 2018 பிப்ரவரியில் அரசுத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியில், கென்யாவில் சீனா போட்ட ரயில் பாதையைக் கொண்டாடும் ஒரு குறுநாடகம். ஆப்பிரிக்கத் தாயாக வந்த சீன நடிகை முகத்தைக் கறுப்பாக்கி, பின்புறத்துக்குப் பஞ்சு வைத்து, தலையில் பழக்கூடையோடு வந்தார். அவரோடு குரங்கு வேடத்தில் ஒருவர். நட்பைக் காட்டத்தான் அந்த நாடகத்தைப் போட்டார்கள். அதில் வஞ்சகம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் தாயைப் போன்ற ஒருத்தியை அந்த உருவத்தில் பார்க்கும் கென்யாக்காரருக்கு, பூசியவரின் நல்ல மனம் எந்த வழியாகத் தெரியும்?

மஞ்சள்குடை:

கப்பல் விஷயம் எனக்குப் புதிது. ஆனால் ஹாஜி ஃபிரூஸுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லையே அக்கா.

மாஸ்நதிக்கரை:

நெருப்புக் கரி என்று நம்பும் ஈரானியர் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் நண்பரிடம் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். "அர்பாபே கொதம்" என்று ஆரம்பிக்கும். என் எஜமானே என்று பொருள். எஜமானே, தலையை நிமிர்த்திப் பாருங்கள், ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே போகும். ஈரானில் பாரசீக வளைகுடா வழியாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். அடிமை முறையைச் சட்டத்தால் ஒழித்தது 1929-இல்தான். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் தெற்குக் கரையோர ஊர்களில் வாழ்கிறார்கள். அந்த வேடம் எங்கிருந்து வந்தது என்று ஈரானியர்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எஜமான் என்ற சொல் பாட்டில் இருக்கும்போது, வெறும் கரி என்று தாண்டிப் போக என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பனைப்பெட்டி:

மேடை நாடகங்களுக்கு மேக்கப் போடுவது என் தொழில். கறுப்பு பூசினாலே தவறு என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கதகளியில் கரி வேஷம் உண்டு. முகம் முழுக்கக் கறுப்பு, அதன் மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோலங்கள். சூர்ப்பணகை போன்ற அரக்கிகளுக்கு அது. பச்சை வேஷத்தின் பச்சை எப்படி ஒரு மனித இனத்தின் நிறம் இல்லையோ, இந்தக் கறுப்பும் அப்படித்தான். அதைப் பார்த்து யாரும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைக் கைகாட்ட மாட்டார்கள். ஆனால் அதே கதகளியில் காட்டில் வாழும் வேடனுக்கும் கறுப்புதான், அரசனுக்குப் பச்சைதான். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் அல்லவா? அரக்கிக்குப் பூசுவதில் எனக்கு உறுத்தல் இல்லை. வேடனுக்குப் பூசும்போது இருக்கிறது.

நம் சினிமாவையும் மேடையையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. சேரிப் பெண் பாத்திரம் என்றால் வெளுத்த நிறமுள்ள நடிகையைக் கூட்டி வந்து "இரண்டு ஷேடு இறக்கு" என்பார்கள். நானே பேன்கேக்கைக் குழைத்துப் பூசியிருக்கிறேன். ஒருமுறை அப்படிப் பூசிக்கொண்டிருந்தபோது, தோழியாக நடிக்க வந்த பெண் பக்கத்து நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருந்தாள். நான் குழைத்துக்கொண்டிருந்தது அவளுடைய நிறம். அந்த நிறத்தில் நாயகி வேண்டும் என்றால் அவளே இருந்தாளே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கும். இப்போது யாராவது ஷேடு இறக்கச் சொன்னால் நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலை அதனால் போயிருக்கிறது.

மேசைமலை:

கேப்டவுனிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஜனவரி 2-ஆம் தேதியை ஒட்டி 'காப்ஸ க்லோப்ஸ' ஊர்வலம் நடக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் பளபளக்கும் சாட்டின் உடையில் பாஞ்சோவும் கோம்மா மேளமும் வாசித்துக்கொண்டு நகரத்துக்குள் வருவார்கள். புத்தாண்டு எஜமான்களின் நாள், மறுநாள் அடிமைகளுக்கு விடுமுறை, அதிலிருந்து வந்த விழா இது. இங்கே அடிமை முறை ஒழிந்தது 1834-இல். 1862-இல் அமெரிக்கப் பாணி மின்ஸ்ட்ரல் குழு ஒன்று இங்கே வந்து ஆடிவிட்டுப் போனது. அதைப் பார்த்த இந்த மக்கள், அதாவது அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், முகத்துக்குக் கறுப்பும் கண்ணைச் சுற்றி வெள்ளையும் பூசும் வழக்கத்தைத் தங்கள் விழாவுக்குள் கொண்டு வந்தார்கள். அமெரிக்கர்கள் சிலர் இங்கே வந்து பார்த்து அதிர்ந்து போவார்கள். ஆனால் பூசியவர் யார், யாருடைய தெருவில் ஆடுகிறார் என்று பார்க்க வேண்டும். நிறவெறி அரசு இவர்களைத்தான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற நகரப் பகுதியிலிருந்து வெளியேற்றியது. தங்களைத் துரத்திய தெருக்கள் வழியாகவே வருடத்துக்கு ஒருநாள் மேளத்தோடு திரும்பி வந்தார்கள். இப்போது கறுப்பும் வெள்ளையும் குறைந்து, குழுவின் வண்ணத்தில் மினுக்குப் பூச்சுதான் அதிகம். யாரும் சட்டம் போட்டு மாற்றவில்லை.

இதை உங்கள் கிளப்புக்குச் சாதகமாகச் சொல்லவில்லை ஈரக்காற்று. அங்கே பூசுகிறவர்கள் அந்த அடிமை வரலாற்றில் எஜமான் பக்கம் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள். நீங்கள் இரண்டு பக்கத்திலும் இல்லாதவர். உங்கள் மகளைத்தான் நீச்சல் குளத்தில் ஒரு பக்கமாகத் தள்ளுகிறார்கள்.

மஞ்சள்குடை:

முதலில் எழுதியதை நான் அழிக்கவில்லை, இருக்கட்டும். மனத்தில் இழிவு இல்லாதபோது அதில் இழிவு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். மேல்மாடி அம்மாவின் கதையை வாசித்த பிறகு அந்தக் கேள்வி எனக்கே சரியாகப் படவில்லை. ஆனாலும் ஒன்று. அந்த ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் ஆக்கிவிட்டு வராதீர்கள். நீங்கள் அங்கேதான் வாழ வேண்டும்.

ஈரக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போனேன். வரலாறு எதுவும் பேசவில்லை. வருடங்களையும் நீதிமன்றத்தையும் சொன்னால் என்னால் டச்சில் ஈடுகொடுத்துப் பேச முடியாது. மகளை நீச்சல் வகுப்பில் "நீ பீட்டா?" என்று கேட்கிறார்கள், நானே அந்தப் பூச்சோடு வந்து நின்றால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது, என்று மட்டும் கேட்டேன். பூச்சில்லாமல் வருகிறேன், பேப்பர்நோட்டனை எல்லோரையும் விட அதிகமாக வீசுகிறேன் என்றேன்.

ஒருவர், ஊரின் வழக்கத்தை வந்து மூன்று வருடம் ஆனவர் மாற்றுவதா என்று எழுந்து போய்விட்டார். அவரும் இன்னொருவரும் இந்த வருடம் வேடம் போடவில்லை. மற்றவர்கள் கரிக்கோடு போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். அதில் இரண்டு பேர், நாங்களே சில வருடமாக அப்படித்தான் நினைத்திருந்தோம், முதலில் சொல்ல யாரும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டபோது மகிழ்ச்சியை விட அலுப்புதான் வந்தது.

தோளில் தட்டியவர் அன்று ஒன்றும் பேசவில்லை. புதன்கிழமை மாலை வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார். "பாதி டப்பா என்று சொன்னேனே" என்று ஆரம்பித்தவர், அப்புறம் முடிக்கவில்லை. சனிக்கிழமை மேசை நாற்காலி தூக்க ஆள் வேண்டும், இரண்டு மணிக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிறேன் என்றேன்.

மாஸ்நதிக்கரை அக்கா, உங்கள் படிக்கட்டுக் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எதுவும் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த தொப்பி என் தலைக்குச் சிறியதாக இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் எதிரே உட்கார்ந்து, அதன் இறகைப் பிரித்து, என் குளிர்காலத் தொப்பியில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.